உறக்கத்தில் விழித்திருப்பது எது?

எழுப்ப முடிகிற எந்த உறக்கமும் முழு உறக்கமாக இருக்க முடியாது. குரலோ தொடுகையோ வந்து சேரும்போது அதை ஏற்றுக்கொள்ள உள்ளே ஏதோ ஒன்று மிச்சம் இருந்தாக வேண்டும். அந்த மிச்சம் எது, அதற்கு அறிவு உண்டா, எழுந்தவர் உறங்கியவர்தானா என்ற மூன்று கேள்விகளையும் இந்தியத் தத்துவ மரபுகள் உபநிடதக் காலம் முதலும், ஐரோப்பியத் தத்துவம் 17ஆம் நூற்றாண்டு முதலும் விவாதித்து வந்திருக்கின்றன. கடந்த 30 ஆண்டுகளில் இதே கேள்விகள் வேறொரு கூட்டத்தாரிடமும் வந்து சேர்ந்தன. கணினியை உறங்கவைத்து எழுப்பும் இயங்குதளப் பொறியாளர்கள் அவர்கள். அவர்களுக்கு இது மின்கலத்தை மிச்சப்படுத்தும் வேலை, தத்துவம் அல்ல. ஆனாலும் அவர்கள் கட்டிய பொருளுக்கு ஒரு சிறப்பு உண்டு. உறங்கும்போது உள்ளே எது ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்பது ஒளிவுமறைவின்றித் தெரிந்த உறங்கும் பொருள் மனிதனுக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. பழைய வாதங்களில் சிலவற்றை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

ஏசிபிஐ எனப்படும் மின்மேலாண்மை விதித்தொகுப்பை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்டன. அதற்கு முன்பு உறக்கத்தைப் பெரும்பாலும் கணினிப் பலகையிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸ் தன்போக்கில் பார்த்துக்கொண்டது. ஏசிபிஐ அந்தப் பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. அது வகுத்த நிலைகள் எஸ்-0 முதல் எஸ்-5 வரை. எஸ்-0 என்பது விழிப்பு. எஸ்-3இல் செயலி மின்சாரத்தை இழக்கிறது. நினைவகம் மட்டும் சிறிதளவு மின்சாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, இருந்ததை இருந்தபடி வைத்திருக்கிறது. எஸ்-4இல் நினைவகத்தில் உள்ளவை வட்டில் எழுதப்பட்டு நினைவகமும் அணைகிறது. எஸ்-5 மென்பொருள் வழியாக அணைத்த நிலை. சுவரிலிருந்து மின்கம்பியையே பிடுங்கிய நிலைக்கு ஜி-3 என்று பெயர். அங்கிருந்து கணினியைப் புதிதாகத் தொடங்கலாம், எழுப்ப முடியாது. கணினி முழுமைக்கும் உள்ள இந்தப் படிகள் தவிர ஒவ்வொரு சாதனத்துக்கும் டி-0 முதல் டி-3 வரை தனிப் படிகளும் உண்டு.

இப்படிப் படிப்படியாக இறங்கும் உறக்கம் சைவ சித்தாந்தம் பயின்றவருக்குப் புதிதல்ல. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்திலும், அதன் வழிநூலான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியாரிலும் உயிர் அடையும் 5 அவத்தைகள், அதாவது நிலைகள், பேசப்படுகின்றன: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். நனவில் உயிர் நெற்றியில் நிற்கிறது. 35 கருவிகள் செயற்படுகின்றன. அறிபொறிகள் 5, தொழிற்பொறிகள் 5, அவற்றுக்குரிய புலன்களும் தொழில்களும் 10, வாயுக்கள் 10, அந்தக்கரணங்கள் 4, புருடன் 1 என்பது கணக்கு. உயிர் கண்டத்துக்கு இறங்கும்போது பொறிகள் பத்தும் நெற்றியிலேயே நின்றுவிடுகின்றன. 25 கருவிகளோடு கனவு நிகழ்கிறது. இதயத்தில் சித்தம், பிராணன், புருடன் என்ற மூன்று மட்டும். உந்தியில் பிராணனும் புருடனும். மூலாதாரத்தில் புருடன் மட்டும். இந்த எண்களும் இடங்களும் இன்றைய உடலியலுக்குப் பொருந்துமா என்று கேட்பதில் பயனில்லை. உறக்கத்தை ஒரே வீச்சில் அணைவதாகக் கருதாமல், எதை எந்தப் படியில் விட்டுச் செல்வது என்ற கணக்காகக் கண்டதுதான் இங்கே முக்கியம்.

விடும் வரிசையில் மட்டும் இயந்திரமும் சித்தாந்தமும் மாறுபடுகின்றன; அந்த வேறுபாடு சுவையானது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் உறங்கப் போகும்போது முதலில் பயனரின் நிரல்களை உறையவைக்கிறது. அதன் பிறகே சாதனங்கள். சாதனங்களிலும் கிளை முதலில், அதைத் தாங்கும் கொம்பு பிறகு: யூஎஸ்பி விசைப்பலகை, அது செருகப்பட்ட ஹப், அதன் கட்டுப்படுத்தி, அதற்கு மேலுள்ள, அட்டைகளை இணைக்கும் பிசிஐ பாதையின் பாலம். எழும்போது இதே வரிசை தலைகீழாகும். இயந்திரத்தில் மனம் முதலில் நிற்கிறது, பொறிகள் பிறகு ஒடுங்குகின்றன. காரணம் எளிது. சாதனங்களை முதலில் உறங்கவைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அவற்றிடம் தரவு கேட்டுக் காத்துக் கிடக்கும். சித்தாந்தத்தில் பொறிகள் முதலில் நிற்கின்றன, மனம் இன்னும் ஓடுகிறது. வெளியே இருந்து எதுவும் வராத மனம் தன்னிடம் உள்ளதை வைத்தே ஓட, கனவு விளைகிறது. கணினிக்குக் கனவு என்ற படி இல்லாமல் போனதற்கு இந்த வரிசை மாற்றமே போதுமான விளக்கம்.

இனி அந்த மிச்சம். உயிர் அவத்தைகளில் இறங்குவதற்குச் சிவஞானசித்தியார் ஓர் உவமை சொல்கிறது. பவனி போய்த் திரும்பும் மன்னன் தன் படையையும் பரிவாரத்தையும் வாயில்தோறும் நிறுத்திக் காவலும் வைத்துவிட்டு, கடைசியில் தனியே அந்தப்புரத்துக்குள் போகிறான். உயிரும் அப்படியே போகிறது. உடலைக் காத்து நிற்பது பிராணன். பிரச்ன உபநிடதத்தின் நான்காம் கேள்விக்கான விடையும் இதற்கு நெருங்கியது: எல்லாம் உறங்கிய பின் இந்த உடலில் விழித்திருப்பவை பிராணனின் தீக்கள்தாம்.

கணினியில் அந்தக் காவலுக்குத் திட்டவட்டமான உருவம் இருக்கிறது. உறங்கும் பலகையில் முதன்மை மின்சாரம் நின்ற பிறகும் 3.3 வோல்ட் துணை மின்சாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எழுப்பும் பொறுப்பு தரப்பட்ட பிசிஐ அட்டை அதிலிருந்து 375 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பு தரப்படாத அட்டைக்கு 20 மில்லி ஆம்பியர்தான். மின்சாரம் முழுவதும் போன பிறகும் நாணய வடிவ மின்கலம் ஒன்றில் நேரக் கடிகாரம் ஓடுகிறது. அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. உறங்கும் முன் இத்தனை மணிக்கு எழுப்பு என்று அதனிடம் சொல்லிவைக்கலாம். மடிக்கணினியின் மூடி திறப்பு, மின்பொத்தான், யூஎஸ்பி விசைப்பலகை, வலையமைப்பு அட்டை ஆகிய ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு சிறு விழிப்பு உண்டு. செயலிக்கு இவற்றில் பங்கே இல்லை. அது எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

யார் எழுப்பலாம் என்ற முடிவு உறக்கத்தில் எடுக்கப்படுவதும் இல்லை. லினக்ஸில் எழுப்பக்கூடிய ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. அனுமதி உண்டா இல்லையா என்பது அதில் எழுதப்படுகிறது. விசைப்பலகைக்கு அனுமதி தந்துவிட்டு, மேசை லேசாக அசைந்தாலே எழுப்பிவிடும் சுட்டிக்கு மறுக்கலாம். உறக்கத்துக்குப் போகும் வழியில், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் இந்த அனுமதியைப் பார்த்து, வன்பொருளில் எழுப்புச் சமிக்ஞையை இயக்கியோ அணைத்தோ வைக்கிறது. அதன் பிறகு மாற்ற முடியாது. உறங்குபவர் எதற்கு எழுவார் என்பது அவர் விழித்திருந்தபோது தீர்மானமாகிவிடுகிறது. விடியலில் எழ வேண்டும் என்று எண்ணிப் படுப்பவரின் பழக்கத்தில் இந்த உண்மை எப்போதும் இருந்தது; இயந்திரம் அதை ஒரு பிட்டாக எழுதிக் காட்டியிருக்கிறது.

ஆனால் அனுமதியைத் தீர்மானித்துவிட்டால் போதாது. விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. பொறியாளர்களை அதிகம் வாட்டியதும் அதுதான். உறங்கலாம் என்று நிரல் முடிவெடுத்துவிட்டது; கெர்னல் இன்னும் உறங்கவில்லை. அந்த நொடியில் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. கணினி விழித்திருப்பதால் அது எழுப்பு நிகழ்வாகக் கருதப்படாமல், சாதாரணக் குறுக்கீடாக ஏற்கப்பட்டு முடிந்துவிடுகிறது. அதைக் கவனிக்க வேண்டிய நிரலோ உறைந்துவிட்டது. கணினி உறங்கிப்போகிறது, அழைப்பு வந்தும் வீணாகிறது. ஆண்ட்ராய்டு இதற்குத் தீர்வாக வேக்லாக் என்ற முறையை வைத்திருந்தது: ஏதேனும் ஒரு வேலை அந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்வரை உறக்கம் கிடையாது. லினக்ஸ் கெர்னலில் அதைச் சேர்ப்பது குறித்து 2009, 2010 ஆண்டுகளில் நீண்ட சண்டையே நடந்தது. போலந்து நாட்டு நிரலாளர் ரஃபேல் விசோட்ஸ்கி 2010இல் வேறொரு வழியைக் கொண்டுவந்தார். எழுப்பு நிகழ்வுகளை எண்ணும் ஓர் எண்ணிக்கை கெர்னலில் இருக்கும். உறங்க விரும்பும் நிரல் முதலில் அதைப் படிக்க வேண்டும். தன் வேலைகளைச் சரிபார்த்த பின் அதே எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். நடுவில் ஏதேனும் நிகழ்ந்திருந்தால் எண் மாறியிருக்கும், எழுதுவது தோற்கும், உறக்கம் தள்ளிப்போகும். எழுதிய பிறகு நிகழ்வு வந்தாலும் கெர்னல் பாதி வழியில் உறக்கத்தைக் கைவிட்டுத் திரும்பும். ஆண்ட்ராய்டின் முறைக்கு இணையான ஒன்றும் 2012இல் லினக்ஸ் 3.5இல் சேர்ந்தது. உறங்குவதென்ற முடிவை எடுத்த கணத்துக்கும் அது நிறைவேறும் கணத்துக்கும் இடையே உலகம் மாறியிருக்கலாம் என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள் குறைவு. தத்துவ நூல்களில் அவத்தைகள் விரிவாகப் பேசப்படும் அளவுக்கு இந்த இடைவெளி பேசப்படவில்லை.

ஐரோப்பாவில் இதே சிக்கல் வேறு வழியில் எழுந்தது. சிந்திப்பதே மனத்தின் சாரம் என்று டெகார்ட் சொல்லியிருந்தார். அப்படியானால் மனம் உறக்கத்திலும் சிந்தித்தாக வேண்டும். ஜான் லாக் 1689இல் வெளியான தன் பெருநூலில் அதை மறுத்தார். கனவே காணாமல் உறங்கியவர் இரவு முழுதும் தனக்கே தெரியாமல் சிந்தித்தார் என்பது பொருளற்ற பேச்சு என்பது அவர் வாதம். லைப்னிட்ஸ் அதற்கு ஒரு முழு நூலாகவே பதில் எழுதினார். 1704ஆம் ஆண்டளவில் முடிந்த அது 1765இல்தான் அச்சேறியது. பேரொலி ஒருவரை எழுப்புகிறது என்றால் அந்த ஒலியின் மெல்லிய தொடக்கத்தை அவர் உறக்கத்திலேயே உணர்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தை உணராதவரை உலகின் மிகப் பெரிய ஓசையும் எழுப்பாது என்பது அதில் வரும் புகழ்பெற்ற வாதம்.

துணை மின்சாரத்தில் நிற்கும் அட்டை லைப்னிட்ஸ் பக்கம் பேசுகிறது, ஆனால் பாதி வழி வரைதான். கண்டறியும் ஒன்று விழித்திருக்காமல் எழுப்புதல் இல்லை என்பது சரி. லைப்னிட்ஸ் அந்தச் சிறு உணர்வுகளைத் தன்னறிவு என்று சொல்லவில்லை. இரண்டையும் அவர் பிரித்தே வைத்தார். ஆனால் அவற்றை ஆன்மாவுக்குள்ளேயே வைத்தார். இயந்திரத்தில் கண்டறிவது ஒரு பகுதி, எழுவது வேறொரு பகுதி. உறங்கும் செயலி எதையும் சிறிதளவுகூட உணரவில்லை. அதன் வாயிலில் நிற்பது உணர்ந்தது. காவலை உயிருக்கு வெளியே, சடமான பிராணனிடம் ஒப்படைத்த சித்தாந்தியின் கணக்கு இந்த இடத்தில் லைப்னிட்ஸின் கணக்கைவிடத் துல்லியமானது.

காவலுக்கு அறிவு உண்டா என்பதைச் சோதித்துப் பார்த்த காட்சி பிருகதாரணியக உபநிடதத்தின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் வருகிறது. பிரம்மத்தைச் சொல்லித் தருகிறேன் என்று வந்த பாலாகியைக் காசி அரசன் அஜாதசத்துரு உறங்கும் ஒருவனிடம் அழைத்துச் செல்கிறான். சந்திரனுக்கும் பிராணனுக்கும் உரிய பெயர்களைச் சொல்லி அழைக்கிறான், உறங்குபவன் எழவில்லை. கையால் அழுத்தி உசுப்பியதும் எழுகிறான். சங்கரரின் உரை இதிலிருந்து ஒரு முடிவை எடுக்கிறது. உறக்கத்திலும் மூச்சு ஓடுகிறது, அதாவது பிராணன் விழித்தே இருக்கிறது. விழித்திருந்தும் தன் பெயருக்கு அது பதில் தரவில்லை. ஆகவே பிராணன் அனுபவிப்பவன் அல்ல, அனுபவிப்பவன் வேறு.

இந்தச் சோதனையின் மறுபக்கத்தை வலையமைப்பு அட்டை காட்டுகிறது. வேக்-ஆன்-லேன் முறையில் உறங்கும் கணினியை எழுப்ப அனுப்பப்படும் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். எல்லா பிட்டுகளும் ஒன்றாக உள்ள 6 பைட்டுகள் முதலில். அதன் பின் அந்த அட்டையின் 6 பைட் முகவரி 16 முறை. மொத்தம் 102 பைட்டுகள். கம்பியில் ஓடும் ஆயிரம் செய்திகளைப் புறக்கணித்துவிட்டு, தன் பெயர் பதினாறு முறை வரும் செய்திக்கு மட்டும் அட்டை எழுப்புகிறது. பெயருக்குப் பதில் தராதது அறிபவன் அல்ல என்று சங்கரர் முடிவெடுத்தது எப்படியானாலும், பெயருக்குப் பதில் தருவது அறிபவன் என்று முடிவெடுக்க வழியில்லை. அட்டை செய்வது வரிசையை ஒப்பிடுவது மட்டுமே. மனிதரிடமும் இதற்கு நிகரான ஒன்று 1960இல் பதிவானது. ஆஸ்வால்ட், டெய்லர், டிரீஸ்மன் ஆகியோர் உறங்குபவர்களுக்குப் பெயர்ப் பட்டியலை ஒலிக்கவிட்டு மூளை அலைகளை அளந்தார்கள். அவரவர் பெயர் வந்தபோது பதில் அலைகள் மற்ற பெயர்களுக்கு எழுந்ததைவிட அதிகமாக எழுந்தன. உறங்குபவர் உறங்கிக்கொண்டே இருந்தார். அறிதல் இல்லாமலே பெயரை அடையாளம் காணும் காவல் உடலிலும் இருக்கிறது.

வைணவ மரபு இந்த எல்லையை ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் தளர்த்துகிறது. திருவரங்கத்தில் பள்ளிகொண்ட அரங்கனுடையது அறிதுயில், எல்லாவற்றையும் அறிந்தபடியே கொள்ளும் துயில். அப்படியானால் தொண்டரடிப்பொடியாழ்வார் 10 பாசுரங்களில் திருப்பள்ளியெழுச்சி பாடி யாரை எழுப்புகிறார் என்ற கேள்வி எழும். அறிந்தே துயில்பவனுக்குத் தகவலாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பு அழைப்பவரின் அன்புக்காக. அறிவோடு கூடிய உறக்கத்தை இறைவனுக்கு மட்டும் ஒதுக்கியதன் மூலம், மற்றவர் உறக்கத்தில் காவல் இருக்கிறது, அறிவு இல்லை என்பதை இந்த மரபும் ஒப்புக்கொள்கிறது என்றே கொள்ளலாம்.

காவல் தரும் சமிக்ஞையில் உள்ளடக்கம் இருப்பதும் அரிது. பிசிஐயில் எழுப்புச் சமிக்ஞைக்கென்று தனிக் கம்பி இருந்தது. பல அட்டைகளுக்கும் அது பொது. யாரோ எழுப்புகிறார்கள் என்பதை மட்டும் அது சொல்லும். யார் என்பதை எழுந்த இயங்குதளம்தான் ஒவ்வொரு சாதனத்தின் நிலைப் பிட்டையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். விழிப்பு முதலில், விழிப்பின் காரணம் பிறகு. மூளையிலும் இந்தப் பிரிவு உண்டு. புலன்களிலிருந்து வரும் ஓட்டம் நின்றால் உறக்கம், வந்தால் விழிப்பு என்று 1930களில் ஃபிரெடெரிக் பிரெமர் கருதினார். 1949இல் மொருட்சியும் மகூனும் மூளைத்தண்டின் வலைப்பின்னல் பகுதியைத் தூண்டினாலே விழிப்பு அலைகள் தோன்றுவதைக் காட்டினார்கள். செய்தி செல்லும் பாதை வேறு, எழுப்பும் பாதை வேறு. நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தேடும் அனுபவத்துக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

எழுப்புகிற எல்லாமே எழுந்திருக்கத் தகுந்தவை அல்ல. தேரவாத அபிதம்மம் இதை நுணுக்கமாக வகுத்திருக்கிறது. அந்த மரபில் சோழ நாட்டுக்கும் பங்கு உண்டு. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் அபிதம்மத்துக்குப் பாலியில் கைந்நூல் எழுதியவர். கனவற்ற உறக்கத்தில் ஓடுவது பவங்கம் என்ற அடியோட்டம். ஒரு பொருள் புலனில் மோதும்போது பவங்கம் முதலில் அதிர்கிறது, பிறகு அறுபடுகிறது, அதன் பின் கவனம் புலன்வாயிலின் பக்கம் திரும்பி அறிதல் தொடங்குகிறது. முழு நிகழ்வுக்கு 17 சித்தக் கணங்கள். மோதிய பொருள் மிக நுண்ணியதாக இருந்தால் பவங்கம் அதிர்வதோடு சரி. அறிதல் தோன்றுவதே இல்லை, அடியோட்டம் பழையபடி ஓடுகிறது.

2013இல் லினக்ஸ் 3.9 கொண்டுவந்த உறக்க வகையில் இதே அமைப்பைக் காணலாம். அதில் செயலி அணைவதில்லை, ஆழ்ந்த சும்மா நிலையில் இருக்கிறது. குறுக்கீடு வந்ததும் செயலி அதிர்ந்து எழுகிறது. கெர்னல் வந்தது எது என்று பார்க்கிறது. மின்கல அளவு மாறிய செய்தி போன்ற அற்பமான ஒன்றானால், நிரல்களின் உறைவைக் கலைக்காமல், திரையை ஏற்றாமல், திரும்ப உறங்கிவிடுகிறது. பயனருக்கு எதுவும் தெரியாது. விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்டும், 2012 முதல் ஆப்பிள் மடிக்கணினிகளும் இத்தகைய அரைவிழிப்பில் அஞ்சல் பெறுவது போன்ற வேலைகளையும் செய்யத் தொடங்கின. இதன் விலையும் தெரிந்ததே. பைக்குள் வைத்த மடிக்கணினி தானே எழுந்து, சூடேறி, மின்கலம் தீர்ந்து கிடப்பது அரைவிழிப்பின் எல்லை தவறும்போதுதான். அபிதம்மம் நுண்ணிய பொருளுக்கு அறிதலே எழாது என்று வைத்தது. பொறியாளர் அந்த வரம்பைக் கையால் வரைய வேண்டியிருக்கிறது.

உறங்கியது எப்படித் தெரிகிறது என்பது அடுத்த கேள்வி. சுகமாக உறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்தவர் சொல்கிறார். அனுபவிக்காததை நினைவுகூர முடியாது. ஆகவே உறக்கத்தில் சாட்சியாக ஓர் அறிவு இருந்தது என்பது அத்வைதியின் வாதம். யோக மரபும் உறக்கத்தை மனத்தின் விருத்திகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. நியாய மரபினரான நையாயிகர் இதை ஏற்கவில்லை. எழுந்தவர் தன் உடலின் தெளிவையும், நடுவில் எதுவும் நினைவில் இல்லாததையும் வைத்து உறங்கியிருக்கிறோம் என்று அனுமானம் செய்கிறார். அது நினைவு அல்ல.

லினக்ஸில் இரண்டு கடிகாரங்கள் இந்த இரு நிலைப்பாடுகளுக்கும் அருகே நிற்கின்றன. ஒன்று உறக்கத்தில் நின்றுவிடும். அதைப் பார்க்கும் நிரலுக்கு உறக்கம் நிகழவே இல்லை. மற்றொன்று உறங்கிய நேரத்தையும் கூட்டிக் காட்டும். ஆனால் அந்தக் கூட்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நையாயிகர் சிரிப்பார். பொதுவாக, எழுந்ததும் கெர்னல் விழித்தே இருந்த வேறொரு கடிகாரத்தைப் பார்த்து, கழிந்த நேரத்தைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. சாட்சி எதுவும் கெர்னலுக்குள் இருக்கவில்லை. 2018இல் லினக்ஸ் 4.17 தயாரானபோது இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாக்க முயன்றார்கள். பல நிரல்கள் எழுந்தவுடன் தங்கள் காலக்கெடு கடந்துவிட்டதாக எண்ணித் தடுமாறின. வெளியீட்டுக்கு முன்பே மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. உறங்கிய நேரத்தைத் தன் வாழ்நாளில் சேர்க்காமல் இருப்பது சில நிரல்களுக்குத் தேவையாகவே இருக்கிறது. இயந்திரம் அனுமானத்தால் அறிகிறது என்பதிலிருந்து மனிதரும் அப்படியே என்று ஆகிவிடாது. ஆனால் சாட்சி இல்லாமல் உறக்கத்தை அறிய வழியே இல்லை என்ற வலுவான கூற்று நிற்காது.

எழுந்தவர் உறங்கியவர்தானா? பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் ஒரு சூத்திரம் இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் உயிர் பிரம்மத்தோடு கலந்துவிடுகிறது என்றால், எழுவது அதே உயிர்தான் என்பதற்கு என்ன உறுதி என்பது எதிர்த்தரப்பு. அதே உயிர்தான் என்பதற்கு நான்கு காரணங்கள் தரப்படுகின்றன. முதல் நாள் பாதியில் விட்ட வேலையை மறுநாள் அவரே முடிக்கிறார். முன்பு கண்டதை நினைவுகூர்கிறார். மறைமொழி அப்படிச் சொல்கிறது. வேறொருவர் எழுவாரானால் விதிகளும் சடங்குகளும் பொருளற்றுப் போகும், ஏனெனில் உறங்கிய ஒவ்வொருவரும் முயற்சியின்றி முத்தி பெற்றவராகிவிடுவார்.

எஸ்-4 உறக்கத்தில் நடப்பது இந்த நான்கில் முதல் இரண்டையும் கடுமையாகச் சோதிக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது உறங்கிய கெர்னல் அல்ல. புதிய கெர்னல் ஒன்று தொடங்குகிறது. அது வட்டில் எழுதிவைத்த பிம்பத்தை நினைவகத்தில் ஏற்றி, தன் சாதனங்களை அடக்கி, ஓட்டத்தைப் பழைய கெர்னலிடம் ஒப்படைத்து மறைந்துபோகிறது. பழையதற்கு நடுவில் ஒருவர் வந்துபோனது தெரியாது. பாதியில் விட்ட வாக்கியம் திரையில் இருக்கிறது, நினைவும் முழுதாக இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே, மெய்நிகர் கணினி ஒன்றின் பிம்பத்தை இரண்டு இடங்களில் ஏற்றினால் இரண்டு பேர் எழுவார்கள். இருவரும் பாதி வேலையை முடிப்பார்கள், இருவருக்கும் அதே நினைவு. தன் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் நினைவையே ஆளின் அடையாளமாக வைத்த லாக்கும் இந்த இடத்தில் தடுமாறுவார். நடைமுறையில் இது ஆபத்தும்கூட: இரண்டும் ஒரே சீரற்ற எண்களை உருவாக்கி, ரகசியத் திறவுகோல்களைக் கெடுத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2012இல் இதற்காக ஒரு தலைமுறை எண்ணை வெளியிலிருந்து தரும் முறையைக் கொண்டுவந்தது. எண் மாறியிருந்தால், எழுந்தது தனித்த தொடர்ச்சி அல்ல என்பது அதற்கே தெரியவரும். உள்ளேயிருந்து எந்த நினைவும் தர முடியாத செய்தி அது. சூத்திரத்தின் மூன்றாவது காரணம், அதாவது வெளியிலிருந்து வரும் சொல், இங்கே முதல் இரண்டைவிட வலுவாக நிற்பது எதிர்பாராதது. சித்தாந்தியும் இதை ஏற்பார். அவர் கணக்கில் உயிர் தானாகக் கருவிகளைக் கூட்டிக்கொண்டு எழுவதில்லை, கூட்டுவது திருவருள்.

அதற்கடுத்த சூத்திரம் மயக்கத்தைப் பற்றியது. மயங்கிக் கிடப்பவர் விழிப்பிலும் இல்லை, கனவிலும் இல்லை, உறக்கத்திலும் இல்லை, இறக்கவும் இல்லை. வேறு வழியில்லாததால் அதைப் பாதி நிலை என்று வைக்கிறது சூத்திரம். கணினியில் இது அன்றாடம் காண்பது. எழுப்புச் சமிக்ஞை வந்துவிட்டது, விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. எழும் வரிசையில் ஏதோ ஒரு டிரைவர் தன் சாதனத்துக்காகக் காத்து நின்றுவிட்டது. காவல் தன் கடமையைச் செய்துவிட்டது, எழ வேண்டியது எழவில்லை. விசைப்பலகையைத் தட்டுவதும் வலையமைப்பில் பெயர் சொல்லி அழைப்பதும் அப்போது பயன்படா. மின்பொத்தானை 4 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணினி எஸ்-5க்குப் போகும். இந்த விதியை ஏசிபிஐ வன்பொருளில் வைத்திருக்கிறது; இதற்கு இயங்குதளத்தின் சம்மதம் கேட்கப்படுவதில்லை.